ஏழாவது ஆள்

ஆலங்கழிக்கு மலை வந்தது ஒரு புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை, பேரூராட்சி ஆபீசில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி அடங்கிய அந்த நிமிஷத்தில். அதுவரைக்கும் அந்த ஊரில் உயரமானது என்று சொல்ல தண்ணீர் டேங்க் ஒன்றுதான் இருந்தது, கடலை ஒட்டிக் கிடக்கிற தட்டையான ஊர், சைக்கிளை நிறுத்தினால்கூட ஒரு பக்கமும் உருளாத ஊர். உண்மையைச் சொன்னால் மலை கூடவே ஒட்டிக்கொண்டு வந்ததுதான், வரவேண்டியது பாலம். சட்டமன்ற உறுப்பினர் மெய்ஞ்ஞானம் மாதாமாதம் திங்கட்கிழமையில் வீட்டுக்கு வீடு போடச் சொல்லும் 'நம்ம தொகுதி மடல்' என்கிற நாலு பக்கக் கலர்த் தாளில், உப்பாற்றின் குறுக்கே பாலம் கட்டி முடித்து மக்கள் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்று போட்டிருந்தார்கள். கட்டாத பாலத்துக்குப் போட்டோ எங்கே கிடைக்கும்? மேற்கே எங்கேயோ இருக்கிற ஒரு பாலத்தின் படத்தை எடுத்து ஒட்டியிருந்தார்கள், அந்தப் பாலத்துக்குப் பின்னால் ஒரு மலை நின்றது, அதனால் புதன்கிழமை சங்கு ஊதியதும் பாலமும் வந்தது மலையும் வந்தது.

ஏன் வந்தது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. எதுக்கு வந்தது என்றுதான் கேட்டார்கள். வி.ஏ.ஓ. வந்து மலை எந்த சர்வே நம்பரில் நிற்கிறது என்று ரெண்டு நாள் டேப் பிடித்து அளந்து பார்த்துவிட்டு, புறம்போக்கு என்று எழுதிக்கொண்டு போனார். கீழத்தெருவில் மத்தியானம் மூன்று மணிக்கே நிழல் விழுந்துவிட, கருவாடு காயவைத்த பெண்கள் மலையைப் பார்த்துக் கைநீட்டித் திட்டினார்கள். பாலத்தின் மேல் பதினோரு நாள் ஒருத்தரும் கால் வைக்கவில்லை. "கமிஷன் அடிக்காம வந்த பாலம்டா, இது எப்படி நிக்கும்?" என்று டீக்கடையில் கேட்டார்கள். பன்னிரண்டாம் நாள் யாரோ ஒரு ஆட்டை விரட்டி விட்டார்கள், ஆடு போய் அக்கரையில் மேய்ந்துவிட்டுத் திரும்பி வந்தது, அப்புறம்தான் ஊர் நடந்தது.

அதற்குப் பிறகு மடலில் எது வந்தாலும் மூன்றாம் நாள் சங்குக்கு நடந்தது. 'நமது உறுப்பினர் எப்போதும் மக்களோடு மக்களாக' என்று போட்டார்கள். அந்தப் புதன்கிழமையிலிருந்து மெய்ஞ்ஞானத்தால் வீட்டில் உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் கால் தானாக எழுந்து தெருவுக்கு வந்துவிடும், மனுஷன் எட்டு மாதமாக ஏதாவது ஒரு தெருவில் கும்பிட்டுக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். 'மக்கள் அளித்த மனு எதுவும் நிலுவையில் இல்லை' என்று போட்டார்கள். அன்றிலிருந்து அவர் ஆபீசில் மனு கொடுத்தால் கொடுத்த கை விலகுவதற்குள் எழுத்தெல்லாம் அழிந்து வெள்ளைத்தாள் ஆகிவிடும். ஊர் இதையும் பழகிக்கொண்டது. மடல் வருகிற திங்கட்கிழமை ரேஷன் கடை வாசலில் ஒருத்தர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி நின்று, ஒவ்வொரு நல்ல செய்திக்கும் முகத்தைச் சுளித்தபடி, இதில் நமக்கு ஆப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள்.

இதையெல்லாம் நம்பாத ஒரே ஆள் தட்சிணாமூர்த்தி. மீன் மார்க்கெட்டில் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் பார்க்கிறவன், தராசைத் திறந்து திறந்து பார்த்ததாலோ என்னவோ எதையும் நம்பாதவன். பால் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பான், கல்யாணப் பத்திரிகையில் தேதியும் கிழமையும் ஒத்துப் போகிறதா என்று காலண்டரை எடுத்துப் பார்ப்பான். அக்கரைக்குப் போகவேண்டுமென்றால் பாலத்தை விட்டுவிட்டு நாலு கிலோமீட்டர் சுற்றிப் பழைய மதகு வழியாகத்தான் போவான். அவன் மனைவி பரிமளா இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தாள். இருபது வருஷக் கல்யாணம், குழந்தை இல்லை, அதைப் பற்றிப் பேசவேண்டியதையெல்லாம் பேசி முடித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. சண்டையென்றால் சாம்பாரில் உப்பைப் பற்றித்தான்.

மலை வந்த மறுவருஷம், ஐப்பசி மாத மடலை ஒரு திங்கட்கிழமை ரேஷன் கடை வாசலில் படித்துக்கொண்டே வந்தவர் மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார். 'கணவரை இழந்த ஏழு பெண்களுக்குத் தையல் இயந்திரம்' என்று ஒரு படம். ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஏழாவது ஆள் பரிமளா. படத்துக்குக் கீழே பேரும் இருந்தது, தெருப் பேரும் இருந்தது.

எல்லாரும் மடலைப் பார்த்தார்கள், பிறகு பையோடு நின்ற பரிமளாவைப் பார்த்தார்கள், பிறகு புதன்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று மனசுக்குள் எண்ணினார்கள்.

நடந்தது இதுதான். பத்து நாளைக்கு முன்னால் இறால் லோடு வராததால் கொட்டகை லீவு, கல்யாண மண்டபத்தில் ஏதோ விழா என்று வேடிக்கை பார்க்கப் போனாள். ஏழு மெஷின் வந்திருக்க ஆறு பேர்தான் வந்திருந்தார்கள். ஆலங்கழியில் இது ஒரு பழக்கம், விழாவில் ஆள் குறைந்தால் கூட்டத்திலிருந்து ஒருத்தரைக் கூப்பிட்டு நிற்க வைத்துப் படம் எடுத்துவிடுவார்கள், இலவச வேட்டி வாங்காதவர் வேட்டியோடு நிற்பார், கண் நன்றாகத் தெரிகிறவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பார், மடல் ஒழுங்காக இருந்த காலத்தில் அதனால் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை. போட்டோ எடுக்கும் சாலமன் கண்ணில் பரிமளா பட்டுவிட்டாள்.

"அக்கா, ஒரு ஆள் குறையுது. சும்மா வந்து நில்லுங்க."

"மடலுக்கா? ஆள விடுப்பா."

"மடலுக்கு இல்லக்கா, ஆபீஸ் பைலுக்கு. பூவை மட்டும் எடுத்துடுங்க. தாலிய உள்ள போட்டுக்கங்க."

எடுத்தாள். போட்டுக்கொண்டாள். நோட்டோடு வந்த பெண் பேர் என்ன என்று கேட்க, பழக்கத்தில் சொந்தப் பேரையே சொன்னாள். படம் எடுத்து முடிந்ததும் மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு கையில் ஒரு பிரியாணிப் பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே பூக்காரி அவர்கள் வாசலில் நிற்காமல் போனாள். கூப்பிட்டதற்கு, "இருக்கட்டும்க்கா, புதன்கிழமை பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே எதிர்வீட்டுக்குத் தாண்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் தட்சிணாமூர்த்தி பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது பந்தல்காரர் முத்தழகு வந்து வாசலைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து அளந்தார்.

"யோவ், நான் இன்னும் சாவல."

"தெரியும்ணே, அதான் முன்னாடியே வந்தேன். புதன்கிழமை முகூர்த்தம் வேற, அப்புறம் சேர் கிடைக்காது." முத்தழகு கொஞ்சம் தயங்கினார். "மேளக்காரனுக்கும் நானே சொல்லிட்டேன். உங்களுக்கு அலைச்சல் எதுக்கு?"

ஊர் கெட்ட ஊர் இல்லை. எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள், தட்சிணாமூர்த்தி ரிப்பேர் பார்த்துத் தரவேண்டிய தராசுகளை மட்டும் ஒவ்வொருத்தராக வந்து திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் பேச்சு திரும்புகிற இடத்திலெல்லாம் அது பரிமளாவிடம் வந்து நின்றது. மடலைப் பற்றித் தெரிந்த ஊரில், விவரம் தெரிந்த பொம்பளை, பூவை எடுத்துவிட்டுப் போய் நிற்கிறாள் என்றால் சும்மாவா நிற்பாள்? தட்சிணாமூர்த்தியின் தங்கை கனகவல்லி பக்கத்து ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்களா நின்னீங்களா, நிக்க வச்சாங்களா?"

பரிமளா தண்ணீர்ச் செம்பை எடுத்து அவளிடம் நீட்டினாள். கூப்பிட்டார்கள் என்பது உண்மை. காலை எடுத்து வைத்தது அவள் என்பதும் உண்மை. இதில் எதைச் சொன்னாலும் பாதிப் பொய் மாதிரி இருந்தது.

தட்சிணாமூர்த்தி அதுவரைக்கும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. தங்கை கேட்டபிறகு அவனும் கேட்டான், சத்தமில்லாமல், தராசுக்குள் எங்கே பழுது என்று தேடுகிற அதே குரலில்.

"ஏன் நின்ன?"

"ஒரு ஆள் குறையுதுன்னான். போய் நின்னேன். பிரியாணி குடுத்தாங்க."

"எந்தப் பிரியாணி?"

"நீங்க தின்ன பிரியாணி. பீஸு கம்மியா இருக்குன்னீங்களே, அது."

"கம்மியாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினான். ரெண்டு பேரும் எம்.எல்.ஏ. ஆபீசுக்குப் போனார்கள்.

ஆபீசில் பி.ஏ. ஜோதிராமன் இருந்தார், மடலை எழுதுகிறவர் அவர்தான். பரிமளா எழுதிக்கொண்டு போன மனுவை நீட்டினாள், அவர் கையில் போவதற்குள் 'என் கணவர் உயிரோடு' என்கிற முதல் வரியிலிருந்து மளமளவென்று அழிந்து, வெள்ளைத்தாளாகப் போய்ச் சேர்ந்தது. ஜோதிராமன் அதை ஒரு பெரிய வெள்ளைத்தாள் கட்டின் மேல் வைத்தார்.

"வாயால சொல்றேன் சார். திருத்தம்னு ஒரு வரி போடுங்க."

"திருத்தம் போட முடியாதும்மா. போன வருஷமே 'தவறே நடக்காத தொகுதி'ன்னு முதல் பக்கத்துல போட்டாச்சு. அதுலேருந்து தப்புன்னு டைப் அடிச்சா கம்ப்யூட்டரே நின்னுடுது." அவர் பொய் சொல்லவில்லை, கண்ணில் தூக்கம் இல்லாதவர் மாதிரி இருந்தார். "நான் என் பேரை மடல்ல போட்டுக்கிட்டதே கிடையாது, பாத்திருக்கீங்களா? என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்."

எம்.எல்.ஏ.வைத் தேடவேண்டிய அவசியமே இல்லை, மார்க்கெட் முனையில் கும்பிட்டபடி எதிரே வந்தார். செருப்பு தேய்ந்து குதிகால் தரையில் பட்டது. பரிமளா அவர் கூடவே நடந்துகொண்டே விஷயத்தைச் சொல்ல, அவர் கும்பிட்ட கையை இறக்காமல் கேட்டார்.

"அதை நான் படிக்கிறதே இல்லம்மா, பயமா இருக்கு" என்றார். "என் பொண்ணு பரீட்சையில பாஸான சேதியை அவ கேட்டுக்குள்ள நின்னு கத்திச் சொன்னா, நான் ரோட்ல போயிக்கிட்டே கேட்டேன். அச்சடிச்சது அடிச்சதுதான். அதுல இருக்கிறபடி நீங்க ஆயிட்டீங்கன்னா அது உங்கள விட்டுடும், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே கால் அவரை அடுத்த தெருவுக்குக் கொண்டு போய்விட்டது.

அதில் இருக்கிறபடி. பரிமளா வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். மடலில் தட்சிணாமூர்த்தியின் பேர் இல்லை. தட்சிணாமூர்த்தி சாவான் என்றும் இல்லை. கணவரை இழந்த பெண் என்றுதான் இருக்கிறது, எந்தக் கணவர் என்று எழுத ஜோதிராமனுக்கு நேரமில்லை. கொல்லைப்புறம் போய்க் கை கழுவும்போது வாழை நின்றது. அவளுடைய அக்காவுக்கு ஜாதகத்தில் தோஷம் என்று முதலில் வாழைக்குக் கட்டிவைத்து, வெட்டிவிட்டு, அப்புறம்தான் மச்சானுக்குக் கட்டிக் கொடுத்தார்கள், அக்கா இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். பரிமளா கையைத் துடைக்காமலே உள்ளே வந்து சொன்னாள்.

"அப்ப நான்?" என்றான் தட்சிணாமூர்த்தி.

"நீங்க யாரோ."

புதன்கிழமை பதினொன்றரைக்குத் தெரு முழுக்க வந்து நின்றது. முத்தழகு போட்ட பந்தலே இருந்தது, அவர் சேரும் இருந்தது, எதற்கு வேண்டுமானாலும் ஆகும் என்று மேளக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பழைய தாலி இறங்க வேண்டும். ஆடிப்பெருக்குக்கு மாற்றிய கயிறு, மூன்று மாதம் மஞ்சளும் வேர்வையும் ஊறி முடிச்சு கல்லாகியிருந்தது. தட்சிணாமூர்த்தி நகத்தால் முயன்றான், வரவில்லை. அறுத்துவிடச் சொல்லிக் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "அறுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து தராசு திருகும் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, முடிச்சுக்குள் நுனியை விட்டு ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினான். கயிறு அவன் கைக்கு வந்தபோது மணி பதினொன்று நாற்பத்தைந்து.

"வாழை எப்படி மூணு முடிச்சு போடும்?" என்று கூட்டத்திலேயே சந்தேகம் வந்தது. மாப்பிள்ளைக்குத் தங்கை இருந்தால் அவள் போடலாம் என்றார்கள். வாழைக்குத் தங்கை யார்? எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்க, கனகவல்லி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் நிக்கறேன். இவங்க மட்டும்தான் நிக்கணுமா?"

புதுக் கயிற்றை வாழை இலையில் சுற்றி எடுத்து அவள்தான் அண்ணியின் கழுத்தில் மூன்று முடிச்சையும் போட்டாள், போடும்போது காதருகே, "நிக்க வச்சாங்கன்னு முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றாள், அதற்குள் அழுதும் விட்டாள். பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு தட்சிணாமூர்த்தி அரிவாளை ஓங்கினான். ஒரே வெட்டு. வாழை பந்தல் காலில் மோதிச் சாய்ந்ததும், அப்போது கட்டிய கயிறு பரிமளாவின் கழுத்திலிருந்து தானே நழுவி மண்ணில் விழுந்தது. உடனே சங்கு பிடித்தது. ஊர் முழுக்க வாழையைப் பார்க்கவில்லை, தட்சிணாமூர்த்தியைத்தான் பார்த்தது. சங்கு ஏறியது, நின்றது, இறங்கியது, அடங்கியது. அவன் சட்டையெல்லாம் வாழைச்சாறாக அப்படியே நின்றான். நின்றவன் தன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான், ஒரு கையில் பார்த்தது போதாமல் இன்னொரு கையிலும் பார்த்தான்.

"ஓடுது" என்றான்.

மேளம் வாழைக்கு அடித்தார்கள். பாடை கட்டி, பாலம் தாண்டி, மலையடிவாரச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். தட்சிணாமூர்த்தி பாலத்தில் கால் வைக்காமல் சுற்றுவழியில் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் எரிந்து முடிந்திருந்தது.

உயிர் தங்கியது. கல்யாணம்தான் போனது. பரிமளா மடலில் உள்ளபடி கணவரை இழந்தவள், அதில் ஒரு எழுத்தும் மாறக்கூடாது. ஒன்பதாம் நாள் அவன் சும்மா ஒரு மஞ்சள் கயிற்றை அவள் கழுத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தான், அடுத்த நொடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், கயிற்றை அவள் பிடுங்கி எறிந்தபிறகுதான் மூச்சு வந்தது. ஊர் இதையும் பழகிக்கொள்ளப் பார்த்தது. ரேஷன் கார்டு ரெண்டாகப் பிரிந்தது. "உன் புருஷன்" என்று பேச்சை ஆரம்பிக்கிறவர்கள் பாதியில் நாக்கைக் கடித்து, "அவரு" என்று முடித்தார்கள். அவன் திண்டாடித்தான் போனான், கூடத்தில் படுத்தான், ரூமுக்குள் போகும்முன் கதவைத் தட்டினான். அவர்களைக் காப்பாற்றிய அதே தெரு, கார்த்திகை பிறந்ததும், புருஷன் இல்லாத வீட்டில் ஒரு ஆம்பளை இருக்கிறானே என்று பேசத் தொடங்கியது. தட்சிணாமூர்த்தி தினமும் ஒரு முழம் பூ வாங்கி ஜன்னலில் வைத்தான். அவள் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வாடியதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசு வைத்தான்.

ஜோதிராமன் ஒருநாள் தானே வீடு தேடி வந்தார். கணவரை இழந்தவர்கள் மறுமணம் செய்தால் அரசு உதவி உண்டு, அடுத்த மாதம் மண்டபத்தில் விழா, ஜோடியாக வந்து நின்றால் மடலில் போட்டுவிடுகிறேன், மூன்றாம் நாள் சங்குக்கு எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

"வேணாம்" என்றான் தட்சிணாமூர்த்தி. "இவ பக்கத்துல எவனை மாத்தி நிப்பாட்டுவீங்களோ."

"நீங்கதான் நிக்கப் போறீங்க, அப்புறம் என்ன?"

"இவளும் சும்மாதான் நின்னா."

ஜோதிராமன் போனபிறகு பரிமளா அவன் பக்கம் திரும்பினாள். "சந்தேகப்பட்டே கூடத்துல படுத்துக் கிடங்க" என்றாள். "எனக்கு ரெண்டு கார்டுக்கும் க்யூவில நின்னு கால் வலிக்குது." மறுநாள் அவன் ஆபீசுக்குப் போய் ரெண்டு பேர் பேரையும் கொடுத்துவிட்டு வந்தான்.

விழா நாளில் ஊரே மண்டபத்தில் இருந்தது. தட்சிணாமூர்த்தி அவள் கையை விரல் வெளுக்கும்வரை பிடித்துக்கொண்டு மேடையில் நின்றான், சாலமன் விடச் சொல்லியும் விடவில்லை. சாலமன் கேமராவை ஒரு கண்ணில் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு இறக்கினார். பேனரில் ஏழு ஜோடி என்று போட்டிருந்தது. மேடையில் ஆறு ஜோடிதான்.

"ஒரு ஜோடி குறையுது" என்று சாலமன் பழக்கத்தில் கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். "யாராவது சும்மா வந்து நில்லுங்க."

முன் வரிசையில் புதுசாகக் கல்யாணமான ஒரு பெண், கூப்பிட்டதும் பாதி எழுந்தவள், பரிமளாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு அந்த மண்டபத்தில் இருந்த எல்லாரும், பூக்காரி, முத்தழகு, கனகவல்லி, மேளக்காரர்கள், வாசலில் நிற்க முடியாமல் நடந்துகொண்டே எட்டிப் பார்த்த எம்.எல்.ஏ., நாற்காலியில் இருந்தவர்கள் நாற்காலியோடு, ஒரு அடி பின்னால் போனார்கள்.

"ஆறுதான்" என்றாள் பரிமளா மேடையிலிருந்து. "ஆறுன்னே போடு."

மடல் திங்கட்கிழமை வந்தது, ஆறு ஜோடி என்றே வந்தது. தட்சிணாமூர்த்தி அதை வாங்கி, ஸ்க்ரூ டிரைவர் நுனியை ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே வைத்து வைத்து மூன்று தடவை படித்தான். தன் பேர், அவள் பேர், தெருப் பேர். படத்துக்குப் பின்னால் மலை கிலை ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தான். புதன்கிழமை பதினொன்று ஐம்பதுக்கே கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றுவிட்டான்.

"கட்டலாமா?"

"இருங்க, சங்கு அடங்கட்டும்."

அடங்கியது. அவனே மூன்று முடிச்சையும் போட்டான். மூன்றாவதைப் போட்டு, இழுத்துப் பார்த்து, அவிழ்த்து, மறுபடியும் போட்டான்.